தங்கச்சியின்ரை மாடும் என்ரை புல்லும்

எனக்கு மூக்குக்கு மேலை கோவம் வரும். அதை நான் ஒருநாளும் ஒளிச்சதில்லை. ஒளிக்கத் தெரியாது எண்டு கொஞ்சம் எடுப்பாயும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். "நான் உள்ளதை முகத்துக்கு நேரை சொல்லிப்போடுவன், மனதிலை ஒண்டும் வைச்சிருக்கமாட்டன்" எண்டு கோயில் வீதியிலை நிண்டும் கதைச்சிருக்கிறன். நான் வைச்சிருக்காததை எல்லாம் மற்ற ஆக்கள் தங்கடை மனதிலை வைச்சிருக்கினம் எண்டது எனக்கு விளங்கேல்லை. தங்கச்சியின்ரை மாட்டுக்கு வயித்துக் கண்டு விழுந்த அந்தக் கார்த்திகை மாசத்திலைதான் விளங்கினது.

நாங்கள் அக்கா தங்கச்சி ரெண்டு பேர்தான். புத்தூரிலை அப்பாவின்ரை வளவைப் பாதியாப் பிரிச்சு, கிழக்குப் பக்கம் எனக்கும் மேற்குப் பக்கம் அவளுக்கும் சீதனமாத் தந்தவை. நடுவிலை ஒரு கிடுகு வேலி, வேலியிலை ஆள் குனிஞ்சு போகக்கூடிய ஒரு பொட்டு. அந்தப் பொட்டாலை கறிக்கோப்பை போகும், தேங்காய் வரும், காய்ச்சல் எண்டால் மல்லித்தண்ணி போகும். நான் கோவிச்சால் மட்டும் ஒண்டும் போகாது, ஒண்டும் வராது. ஒருமுறை நான் ஆசை ஆசையாச் சுட்டுக் குடுத்த பனங்காய்ப் பணியாரத்தைத் திண்டுபோட்டு, "எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சு என்னக்கா?" எண்டு கேட்டுப்போட்டாள். அவ்வளவுதான். திருவிழா போச்சு, தீபாவளி போச்சு, நான் அவளோடை கதைக்கேல்லை. பொட்டடியிலை வந்து நிண்டு "அக்கா" எண்டு கூப்பிடுவாள். நான் கிணத்தடியிலை வாளியைப் போட்டு அடிச்சுக்கொண்டு நிப்பன். பேந்து பட்டிப் பொங்கலுக்கு அவள் பொங்கலோடை வந்து அழுத பிறகுதான் நான் இறங்கினனான். அதை வெற்றி எண்டு நினைச்ச விசரி நான்.

அவளின்ரை மனுசன் மேசன் வேலை செய்தவர். நல்ல உழைப்பாளி. ஒருநாள் காலமை பல்லு விளக்கிக்கொண்டு நிண்டவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்திட்டுது. வாயும் கோணிப்போச்சு. கதைக்கிறது சொல்லுச் சொல்லாத்தான் வரும். அதுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு உழைப்பெண்டு இருந்தது மாடுதான். சிவலை நிறத்திலை ஒரு ஜேர்சிக் கலப்பு. சாதுவான மாடு. அது பால் வத்தி நிண்ட காலத்திலை தங்கச்சி வெங்காயம் நடப் போவாள், கிடுகு பின்னுவாள், அதுகும் காணாட்டில் பொட்டாலை என்னட்டை வருவாள். "அக்கா, ஒரு சுண்டு அரிசி கிடக்கே?" எண்டு கேக்கேக்கை என்ரை முகத்தைப் பாக்கமாட்டாள், பானையைத்தான் பாப்பாள். நான் குடுப்பன். இல்லையெண்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் குடுக்கேக்கை ரெண்டு புத்தியும் சேத்துத்தான் குடுப்பன்.

அந்த வருசம் மாடு வயித்திலை கண்டோடை, கண்டுத்தாச்சியா நிண்டது. பால்மாவுக்குச் சனம் கடை வாசலிலை வரிசையிலை நிண்ட காலம் அது. ஒழுங்கையிலை உள்ள அத்தனை வீட்டுக்காரரும் "கண்டு போட்டவுடனை எங்களுக்கும் பால் தா" எண்டு அவளிட்டைச் சொல்லி வைச்சிட்டினம். அவளுக்குச் சந்தோசத்திலை சரியான புழுகம். பொட்டைக் கண்டா, நாகாப் பிறந்திட்டால் வீட்டிலை ரெண்டு மாடாகும் எண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "இனி உங்களைக் கரைச்சல்படுத்தமாட்டன் அக்கா, பாருங்கோவன்" எண்டு ஒருநாள் சிரிச்சுக்கொண்டு சொன்னாள். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சொல்லு ஒரு மாதிரித்தான் இருந்தது. என்னட்டை வராமல் இருக்கிறதுக்கு இவ்வளவு ஆசையோ எண்டு.

அதே நேரத்திலைதான் நாட்டிலை உரம் இல்லாமல் போனது. தோட்டக்காரர் எல்லாரும் தலையிலை கைவைச்சுக்கொண்டு இருந்திச்சினம். நான் சும்மா இருப்பனே? அந்தக் காலத்திலை செய்தமாதிரி என்ரை தோட்டத் தறையிலை பட்டி கட்டுவிப்பம் எண்டு நினைச்சன். பட்டி கட்டுறதெண்டால், மாட்டுக்காரர் தன்ரை மாடுகளைப் பொழுதுபட்டாப் பிறகு கொண்டந்து எங்கடை தறையிலை அடைச்சு வைப்பார். சாணியும் சலமும் மண்ணிலை விழும். தறையைத் துண்டு துண்டா மாத்தி மாத்தி அடைச்சால் முழுக்கப் பசளை ஏறிடும். இப்ப ஆர் உதெல்லாம் செய்யினம்? மனுசன்கூட "தேவையில்லாத வேலை" எண்டு முணுமுணுத்தார், நான் திரும்பிப் பாத்தவுடனை "ஓம், கட்டுவிப்பம்" எண்டிட்டார். தென்மராட்சிப் பக்கத்திலை ஒருவரிட்டை ஒரு பெரிய மந்தை நிக்குதெண்டு கேள்விப்பட்டு, ஆள் அனுப்பி வரவழைச்சன். புரட்டாதி வெயிலிலை அந்த மாடுகள் ஒழுங்கையாலை நடந்து வந்த வடிவைப் பாக்கச் சனம் படலைக்கு வந்திட்டுது. எல்லாம் ஊர்மாடுகள். கட்டையான, காடு மேடெல்லாம் திரிஞ்சு உரமேறின உடம்பு. காதுக்குள்ளையும் வாலடியிலையும் உண்ணி கொத்துக் கொத்தா ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதுகள் அதைக் கணக்கெடுக்கிறேல்லை.

அண்டைக்குத் தங்கச்சி பொட்டாலை வந்தாள். மந்தையைப் பாத்தாள். தன்ரை கொட்டில் பக்கமும் ஒருக்காத் திரும்பிப் பாத்தாள். "அக்கா, உந்த மாடுகள்..." எண்டு தொடங்கினாள். நான் இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு, "என்ன உந்த மாடுகள்?" எண்டன். "இல்லை, நல்ல வடிவான மாடுகள்" எண்டாள். நான் அதை மெய்யெண்டு நம்பி, அந்த மாட்டுக்காரருக்கும் "என்ரை தங்கச்சியே சொல்லிப்போட்டாள்" எண்டு பெருமையாப் புழுகினன். இப்ப நினைக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு.

மந்தை போன பிறகு தறையை உழுதிருக்கோணும். டீசல் இல்லை, உழவு மிசினும் வரேல்லை. பிறகு ஐப்பசி மழை பிடிச்சது. செம்பாட்டு மண்ணிலை அத்தனை சாணியும் ஊறி, புல்லெண்டால் புல்லு, உப்பிடியொரு புல்லை நான் காணேல்லை. கருங்கருமெண்டு முழங்கால் உயரத்துக்கு. உழேலாமல் கிடக்கே எண்ட கவலை போய், எனக்கு வேறை யோசினை வந்திட்டுது. பக்கத்திலை கண்டுத்தாச்சி மாடு நிக்குது. எங்கடை பக்கத்திலை கண்டுத்தாச்சி மாட்டைப் பிள்ளைத்தாச்சிப் பொம்பிளையை மாதிரித்தானே பாக்கிறது? வாய்க்கு ருசியாக் குடுக்கோணும், ஆசையாக் குடுக்கோணும். வீட்டுக்கு வீடு ஆரும் ஒண்டைக் கொண்டந்து நீட்டுவினம். கஞ்சித்தண்ணியோ, பலாப்பழச் சடையோ, ஒரு பிடி குழையோ. கொண்டந்ததை வேண்டாமெண்டு சொல்லுற வழக்கமில்லை. மாட்டுக்கு நீட்டினதை மறிச்சால், வயித்துப் பிள்ளைக்கு நீட்டினதை மறிச்ச மாதிரி.

நான் விடியக் காலமை பனிப்புல்லை அரிவாளாலை அரிஞ்சு, கட்டாக் கட்டித் தலையிலை வைச்சுக்கொண்டு பொட்டாலை போவன். ஒவ்வொரு நாளும் போனன். தங்கச்சி கொட்டிலடியிலை நிப்பாள். "வையுங்கோ அக்கா, நான் பிறகு போடுறன்" எண்டு சொல்லுவாள். "பிறகென்ன பிறகு? ஈரத்தோடை திண்டால்தான் நல்லது" எண்டு நானே கட்டை அவிட்டு மாட்டுக்கு முன்னாலை போடுவன். மாடு தலையை ஆட்டி ஆட்டித் தின்னும். நான் அங்கையே நிண்டு பாப்பன். அது தின்னுற சத்தத்தைக் கேக்கிறது எனக்கு ஒரு சந்தோசம். கடைசிப் பிடியும் முடிஞ்சால்தான் வீட்டுக்கு வருவன். ஒருநாள் அவள் வாளியிலை தண்ணி கொண்டந்து புல்லுக்கு ஊத்தப் போனாள். "மழை கழுவினதை நீ கழுவப்போறியோ?" எண்டு சிரிச்சன். அவளும் சிரிச்சாள். வாளியை அங்காலை வைச்சிட்டாள்.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளிலை மாடு தீன் எடுக்கேல்லை. நான் கொண்டுபோன புல்லை மோந்து பாத்துப்போட்டுத் தலையைத் திருப்பிச்சு. மூக்கு காஞ்சு கிடந்தது. காதைப் பிடிச்சுப் பாத்தால் கொதிக்குது. "மழைக் குளிர் பிடிச்சிருக்கும், மிளகு தட்டிக் குடு" எண்டு நான் வைத்தியம் சொன்னன். அடுத்த நாள் மத்தியானம் தங்கச்சி "அக்கா! அக்கா!" எண்டு குழறின சத்தம் கேட்டு ஓடிப் போனன். மாடு சலம் விட்ட இடத்தைக் காட்டினாள். புகையிலை ஊறின தண்ணி மாதிரிக் கறுத்துச் சிவந்து கிடந்தது. நுரை வேறை. என்ரை மனுசன் சைக்கிளிலை போய் மாட்டு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

டொக்டர் ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை. வந்தவுடனை கண்ணின்ரை உள்மடலை இழுத்துப் பாத்தா. வெள்ளைத் துணி மாதிரிக் கிடந்தது. வாலைத் தூக்கினா, மடியைத் தூக்கினா, காதைப் பிரட்டினா. "உண்ணிக் காய்ச்சல்" எண்டா. "உண்ணி கடிக்கேக்கை கிருமி ஏறி இரத்தத்தை உடைக்குது. அந்த உடைஞ்ச இரத்தந்தான் சலத்தோடை போகுது. ஊர்மாடு எண்டால் சின்னனிலையிருந்து பழகித் தாங்கும். இது கட்டி வளத்த கலப்புமாடு, தாங்காது." ஊசியை ஏத்திக்கொண்டே கேட்டா, "மேய விடுறனீங்களோ?"

"இல்லை டொக்டர், கட்டித்தான் வளக்கிறனான்" எண்டாள் தங்கச்சி.

"அப்ப புல்லு எங்கையிருந்து வருது?"

நான்தான், என்ரை வாய்தானே, "என்ரை தறையிலை இருந்து. நான்தான் வெட்டிக் கொண்டந்தனான். நல்ல புல்லு" எண்டு சொன்னன். அங்கை வேறை மாடு கட்டினதோ எண்டு கேட்டா. பட்டி கட்டின கதையைச் சொன்னன். சொல்லிக்கொண்டு வரேக்கையே எனக்கு விளங்கத் தொடங்கிட்டுது. அந்த மந்தையிலை இரத்தம் குடிச்சு ஊதின உண்ணி தறையிலை விழுந்து முட்டை போட்டிருக்கும். மழைக்குப் பொரிச்ச குஞ்சுகள் புல்லு நுனியிலை ஏறி இருந்திருக்கும். அந்த நுனியைத்தான் நான் பனியோடை அரிஞ்சு, கட்டாக் கட்டித் தலையிலை சுமந்து வந்திருக்கிறன். டொக்டர் என்னைப் பேசேல்லை. "இனிமேல் அந்தப் புல்லு வேண்டாம் அம்மா" எண்டு மட்டும் சொன்னா.

"எப்ப உண்ணியைக் கண்டனீங்கள்?" எண்டு தங்கச்சியைக் கேட்டா. தங்கச்சி என்னை ஒருக்காப் பாத்தாள். "இப்பதான் டொக்டர்" எண்டாள்.

"வயித்துக் கண்டு?" எண்டு தங்கச்சிதான் கேட்டாள்.

"காய்ச்சல் உச்சத்திலை நிக்குது. தாயைக் காப்பாத்தப் பாப்பம். கண்டைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்லேலாது."

அடுத்த நாள் மழை விடாமல் அடிச்சது. கொட்டிலுக்குள்ளை தங்கச்சி சாக்கை விரிச்சு மாட்டோடை இருந்தாள். நான் எத்தினை முறை பொட்டாலை போய்ப் போய் வந்தன் எண்டு தெரியாது. ஒண்டும் கொண்டுபோகேல்லை. வெறுங்கையோடை போக எனக்கு என்னவோ போலை இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மாடு நிலத்தைக் காலாலை விறாண்டிச்சு. படுத்தது, எழும்பிச்சு, பிறகும் படுத்தது. தங்கச்சி அதின்ரை முதுகைத் தடவிக்கொண்டு "பொறு, பொறு, இன்னும் நாள் கிடக்கு, பொறு ராசாத்தி" எண்டு கெஞ்சினாள். அது பொறுக்கேல்லை. கண்டு விழுந்திட்டுது.

நாகு கண்டு. உடம்பிலை மயிர் சரியா முளைக்கேல்லை, மெல்லிசான தோல், இமையிலை மட்டும் மயிர் கிடந்தது. மூச்சில்லை. தாய் திரும்பி அதை நக்கத் தொடங்கிச்சு. நக்கி நக்கி எழுப்பப் பாத்தது. தங்கச்சி அழேல்லை. கண்டு போட்டால் பின்னாலை விழுற இளங்கொடியைப் போட்டு ஆலமரத்திலை கட்டத்தானே எண்டு அவள் பனையோலையிலை பை மாதிரி ஒரு உமல் இழைச்சு, கொட்டில் வளையிலை கொழுவி வைச்சிருந்தவள். அதை எட்டி எடுத்தாள். கையிலை வைச்சுப் பாத்தாள். என்ன செய்யிறது எண்டு தெரியாமல் திரும்பவும் அதே இடத்திலை கொழுவினாள்.

அப்ப நான் செய்த வேலையைத்தான் என்னாலை மறக்கேலாமல் கிடக்கு. குற்றம் என்னிலை எண்டு தெரியும். தெரிஞ்சபடியாலைதான் தாங்கேலாமல் போச்சு. தாங்கேலாட்டில் எனக்கு வாறது ஒண்டுதான், கோவம். நான் தங்கச்சியிலை பாய்ஞ்சன். "நீ மாட்டைப் பாக்கிறனியோ இல்லையோ? இவ்வளவு உண்ணி ஏறுமட்டும் உனக்குக் கண்ணில்லையோ? ஒவ்வொரு நாளும் மாட்டிலை கை வைக்கிறவளுக்குத் தெரியாதோ? நான் புல்லைத்தான் கொண்டந்தனான், பாக்கவேண்டியவள் நீ! வாயில்லாச் சீவன், பாவமில்லையோ?" எண்டு மழைச் சத்தத்துக்கு மேலாலை கத்தினன். அவள் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டாள். "ஓம் அக்கா" எண்டாள். "என்ரை பிழைதான் அக்கா" எண்டாள்.

விறாந்தையிலை கதிரையிலை இருந்த அவளின்ரை மனுசன் ஏலுமான கையாலை கதிரைப் பிடியிலை அடிச்சார். ஒருக்கா அடிச்சார், பேந்தும் அடிச்சார். நான் திரும்பிப் பாத்தன்.

"கண்டவள்" எண்டார். வாயிலை வீணி வழிஞ்சுது. "அவள்... கண்டவள், மச்சாள்."

"சும்மா இருங்கோப்பா" எண்டு தங்கச்சி ஓடினாள்.

"முதல் நாளே கண்டவள். உங்கடை... புல்லிலை." கொட்டில் மூலையிலை விறகு அடுக்கின பக்கம் விரலை நீட்டினார். நான் போய்ப் பாத்தன். விறகுக்குப் பின்னாலை ஒரு சிரட்டை. சிரட்டைக்குள்ளை மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்க்குள்ளை உண்ணி. ஊதினது, ஊதாதது, மிளகாய்த்தூள் மாதிரிக் குஞ்சுகள், எல்லாம் அடியிலை படிஞ்சு கிடந்தது. நான் வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொரு நாளும் பொழுதுபட அவள் மாட்டுக்குப் பக்கத்திலை குந்தியிருந்து, ஒண்டு ஒண்டாப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். பிடுங்கினதையும் என்ரை கண்ணிலை படாமல் ஒளிச்சு வைச்சிருக்கிறாள்.

"ஏனடி சொல்லேல்லை?" எண்டு கேட்டன்.

"நீங்கள் ஆசையாக் கொண்டந்தனீங்கள் அக்கா" எண்டாள்.

அவர்தான் மிச்சத்தைச் சொன்னார். அவருக்கு என்னிலை பயமில்லை, இனி இழக்க என்ன கிடக்கு எண்ட மாதிரித்தான் என்னைப் பாத்தார். "சொன்னால்... கோவிப்பியள். கதைக்கமாட்டியள். அரிசி..." எண்டு அந்த இடத்திலை நிப்பாட்டிப்போட்டார். தங்கச்சி அவரின்ரை வாயைத் துவாயாலை துடைக்கிற சாட்டிலை மூடினாள்.

கண்டை என்ரை மனுசன்தான் வளவின்ரை கோடியிலை ஆழமாக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாட்டார். டொக்டர் சொன்னமாதிரிக் கையிலை பையைக் கட்டிக்கொண்டு செய்தார். நான் பக்கத்திலை நனைஞ்சுகொண்டு நிண்டன். வீட்டுக்கு வந்து, "உவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாந்தானே? நான் என்ன பேயோ பிசாசோ?" எண்டு அவரிட்டைக் கேட்டன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு, "ஆர் உனக்கு வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம், சொல்லு பாப்பம்?" எண்டார். நான் யோசிச்சுப் பாத்தன். பிள்ளையளை யோசிச்சன், அயலை யோசிச்சன், இந்த மனுசனையும் யோசிச்சன். இத்தனை வருசமா எல்லாரும் எனக்கு ஓம் ஓம் எண்டுதான் சொல்லியிருக்கினம். நான் சொல்லுறது எல்லாம் சரி எண்டபடியாலைதான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

மாடு தப்பிச்சுது. ஊசியும் மருந்துமா ஒரு மாதிரி எழும்பி நிண்டது. ஆனால் எலும்பும் தோலுந்தான், மடியிலை பால் இல்லை. பாலுக்குச் சொல்லி வைச்ச ஒழுங்கைச் சனம் வந்து, வயித்தைப் பாத்திட்டு, "ஆரின்ரையோ கண்ணூறு பட்டுப்போச்சு" எண்டு கதைச்சுது. தங்கச்சி, "ஓம், கண்ணூறுதான்" எண்டு தலையாட்டினாள். நான் அங்கைதான் நிண்டனான். "கண்ணூறுமில்லை ஒண்டுமில்லை, நான் கொண்டந்த புல்லு" எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னன். சனம் ஒரு மாதிரிப் பாத்தது. தங்கச்சிதான் பதறிப்போனாள். "சீ, அக்கா சும்மா சொல்லுறா, அவவிலை ஒரு பிழையுமில்லை" எண்டு அவையளை அனுப்பப் பாத்தாள். பிறகு நான் அவளின்ரை குசினிக்குள்ளை போய், "என்னை ரெண்டு பேச்சுப் பேசன்டி, உனக்குப் புண்ணியமாப் போகும்" எண்டு கேட்டன். அவள் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். சீனி இல்லாத வீட்டிலை என்ரை கோப்பைக்கு மட்டும் சீனி கிடந்தது. குடிச்சன்.

அதுக்குப் பிறகு தறையிலை நிண்ட புல்லு முழுக்க அரிஞ்சு காயவைச்சு எரிச்சு, டீசல் வந்தவுடனை ரெண்டு முறை உழுவிச்சன். டொக்டரிட்டைக் கேட்டுக் கொட்டிலுக்கு மருந்து அடிப்பிச்சன். அரிசியை அவள் கேக்க முதல் வேலிப் பொட்டடியிலை வைச்சிட்டு வந்தன், புத்தி ஒண்டும் சொல்லாமல். உதெல்லாம் செய்யச் சுகமான வேலையள். கையாலை செய்யிற வேலையள்தானே. கோவம் அப்பிடியில்லை. வாயைக் கடிச்சுக்கொண்டு இருப்பன், பிறகு ஒருநாள் கறிக்கு உப்புக் கூடினதுக்கு வெடிக்கும்.

அடுத்த வருசம் அந்த மாட்டுக்குத் திரும்பவும் சினை ஊசி போட்டவை. கரு நிக்குமோ நிக்காதோ எண்டு நான் கேக்கப் பயந்து, மனுசனை விட்டுக் கேப்பிச்சன். நிண்டிட்டுது எண்டார். நான் கனநாளா அந்தக் கொட்டில் பக்கம் போகேல்லை. போன கிழமை மனம் கேக்கேல்லை. வயிறு நல்லாத் தெரியுது எண்டு மனுசன் சொன்னார், ஒருக்காப் பாத்திட்டு வருவம் எண்டு வெளிக்கிட்டன். பொட்டாலை போகேல்லை, ஊர் ஆக்கள் மாதிரிச் சுத்தி ஒழுங்கையாலை போய்ப் படலையைத் தட்டினன். கையிலை ஒண்டும் இல்லை.

தங்கச்சி கொட்டிலடியிலை குழை முறிச்சுப் போட்டுக்கொண்டு நிண்டாள். "என்னக்கா படலையாலை வாறியள், வாங்கோ வாங்கோ" எண்டாள்.

"இஞ்சை பார், நான் மாட்டுக்குக் கிட்ட வாறது உனக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லு. நான் இப்பிடியே திரும்பிப் போறன்" எண்டன்.

"ஐயோ, என்னக்கா கதை இது? வாங்கோ."

"மெய்யாச் சொல்லு. கோவிக்கமாட்டன்."

"மெய்யாத்தான் அக்கா. எனக்கென்ன?"

"எனக்காகச் சொல்லாதை. உன்ரை மனதிலை கிடக்கிறதைச் சொல்லு."

"ஒண்டும் இல்லையக்கா மனதிலை."

"உண்மையைச் சொல்லடி எண்டால்!" எண்டு கத்திப்போட்டன். கத்தின பிறகுதான் என்ரை குரல் எனக்கே கேட்டது. விறாந்தையிலை அவளின்ரை மனுசன் கதிரையிலை நிமிர்ந்து இருந்தார்.

அவள் கையிலை இருந்த குழையைக் கீழை போட்டாள். "உண்மைதான் அக்கா, வாங்கோ, வந்து பாருங்கோ" எண்டு சிரிச்ச முகத்தோடை சொல்லிக்கொண்டு, மாட்டுக்கும் எனக்கும் நடுவிலை வந்து நிண்டாள். ஒரு கை பின்னாலை மாட்டின்ரை வயித்திலை. தான் அப்பிடி மறிச்சு நிக்கிறது அவளுக்கே தெரிஞ்சிராது.

நான் படலையடியிலேயே நிண்டன்.